பார்த்ததைச் சொன்ன பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள்



இது நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். ஆனால் முழுவதும் படித்துவிட்டு கருத்துச் சொல்லுங்கள். பாதி படித்துவிட்டுக் கும்பிடு போடும் பொம்மையை அனுப்ப வேண்டாம். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். யார் மீது கோபம் என்பது போகப்போகத் தெரியும். என் மீதும் உண்டு.

மார்கழி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு நடந்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்தரை மணிக்கு மேல் ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியது என் தம்பியின் பேத்தி. நான்காம் வகுப்பு படிக்கிறாள். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க அவள் அம்மா போனபோது கூடவே போயிருக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"டீச்சர் பாட்டி, நான் ஒண்ணு பாத்தேன். வேப்பமரத்துக்கு மேல இருந்து ஒரு நெருப்பு உருண்டை வந்துச்சு. தண்ணி டேங்க் பக்கம் போயி அணைஞ்சிருச்சு. பச்சையா இருந்துச்சு. நான் ஒண்ணு ரெண்டு மூணு எண்றதுக்குள்ள போயிருச்சு. சத்தமே இல்ல. அம்மா பாக்கல. நான் மட்டும் பாத்தேன்."

இருபத்தைந்து வினாடி பேச்சு. இதைவிட நல்ல பார்வைக் குறிப்பை நான் பெரியவர்களிடம்கூடக் கேட்டதில்லை. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது, என்ன நிறம், எத்தனை வினாடி, சத்தம் உண்டா இல்லையா, வேறு யார் பார்த்தது என்று எல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு மூட்டு வலி, சீக்கிரம் படுத்துவிட்டேன். காலையில் எழுந்து பார்ப்பதற்குள் நம் குடும்பத்தார் அந்தப் பிள்ளையை என்ன பாடுபடுத்தினார்கள் தெரியுமா?

முதலில் ஒரு பெரியவர்: "ராத்திரியில எரிநட்சத்திரம் விழுறதைப் பாத்தா வெளிய சொல்லக்கூடாதும்மா. வீட்டுக்கு ஆகாது. முதல்ல அதை அழி."

அடுத்து ஒரு அத்தை: "கண்ணு, உடனே பச்சை மரத்தைப் பாத்தியா? பாக்கலைன்னா படிச்சதெல்லாம் மறந்துடும்."

மூன்றாவது, இன்ஜினியரிங் படித்த என் மருமகன்: "அது பிளைட் லைட். இல்லேன்னா சாட்டிலைட். சின்னப் பிள்ளை எதையோ பாத்து உளறுது." கீழே சிரிக்கும் பொம்மை மூன்று. அதைப் பார்த்து இன்னும் ஒன்பது பேர் சிரித்திருக்கிறார்கள்.

நான்காவதாக ஒருவர் ஒரு வீடியோவை அனுப்பி, "இன்று இரவு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விழுந்த ராட்சத எரிகல், அனைவருக்கும் பகிரவும்" என்று போட்டிருந்தார். பார்த்தேன். சாலையோரம் முழுக்க வெள்ளை வெளேர் என்று பனி. வண்டிகள் எல்லாம் சாலையின் வலப்பக்கம் போகின்றன. பகல் வெளிச்சம் வேறு. கிருஷ்ணகிரியில் எந்தக் காலத்தில் உறைபனி பெய்தது? நம் ஊரில் வண்டி எந்தப் பக்கம் போகும்? பத்தரை மணி ராத்திரி எப்போது பகலானது? அதை அனுப்பியவர் ஓய்வுபெற்ற அரசு அலுவலர். அந்த வீடியோவை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஏழு பேர் வேறு குழுக்களுக்கு அனுப்பியும் விட்டார்கள்.

காலையில் நான் குழுவைத் திறந்தபோது சிறுமியின் குரல் பதிவு இருந்த இடத்தில் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று இருந்தது. நல்ல வேளையாக அவள் அதை எனக்குத் தனியாகவும் அனுப்பியிருந்தாள். அதனால்தான் மேலே எழுத முடிந்தது.

ஆக, உண்மையைச் சொன்ன பிள்ளை தன் பேச்சை அழித்துக்கொண்டது. பொய் வீடியோ இன்னும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதற்காகத்தான் இந்தப் பதிவு.

நான் விஞ்ஞானி இல்லை. அந்தக் காலத்தில் இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சி முடித்து, ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்த இடைநிலை ஆசிரியை. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்க அந்தப் படிப்பு போதும். வானத்திலிருந்து கல் விழுகிறது என்பதை உலகம் யார் சொல்லித் தெரிந்துகொண்டது?

விஞ்ஞானிகள் சொல்லி அல்ல. பார்த்தவர்கள் சொல்லித்தான். விஞ்ஞானிகள் வெகுகாலம் நம்பவே இல்லை.

1768-ல் பிரான்சில் லூசே என்ற ஊரில் வயலில் வேலை செய்தவர்கள் கண்ணெதிரே ஒரு கல் விழுந்தது. அதை ஆராய்ந்த குழுவில் லவாய்சியரும் இருந்தார். நவீன வேதியியலின் தந்தை என்று நான் உங்களுக்குப் பாடம் நடத்திய அதே லவாய்சியர். அது பூமியில் கிடந்த கல்தான், மின்னல் தாக்கியிருக்கிறது என்று அந்தக் குழு முடிவு சொன்னது. எவ்வளவு பெரிய மேதை, ஆனால் தவறு. வயலில் நின்றவர்கள் சொன்னதுதான் சரி.

1790-ல் அதே பிரான்சின் தென்மேற்கே பார்போத்தான் என்ற ஊர்ப்பக்கம் கற்கள் விழுந்தன. முன்னூறு பேருக்கு மேல் சாட்சி சொல்லிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். படித்தவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு ஊராட்சியே சேர்ந்து பாட்டிக்கதைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறதே என்று பத்திரிகையில் பரிதாபப்பட்டார்கள். அந்தக் காலத்துச் சிரிக்கும் பொம்மை அது!

பிறகு 1794-ல் ஜெர்மனிக்காரர் கிளாட்னி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் சட்டமும் படித்தவர். அவர் செய்தது என்ன? பல நாடுகளில், பல காலங்களில், ஒருவரை ஒருவர் அறியாத மக்கள் சொன்ன சாட்சியங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். எல்லாரும் ஒன்றுபோலச் சொல்கிறார்களே, இத்தனை பேரும் கூடிப் பேசிப் பொய் சொல்ல முடியாதே என்று, நீதிமன்றத்தில் சாட்சியை எடை போடுவதுபோல எடை போட்டார். இந்தக் கற்கள் விண்வெளியிலிருந்து வருகின்றன என்று எழுதினார். அவரையும் சிரித்தார்கள்.

1803 ஏப்ரல் 26-ஆம் தேதி பிரான்சில் லேகிள் என்ற ஊரின் மீது சுமார் மூவாயிரம் கற்கள் பொழிந்தன. இளம் விஞ்ஞானி பியோவை அரசு அனுப்பியது. அவர் ஊர் ஊராக நடந்தார். சத்தம் எங்கெல்லாம் கேட்டது, கல் எங்கெல்லாம் விழுந்தது என்று விவசாயி, பாதிரியார், வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் என்று எல்லாரையும் கேட்டு எழுதினார். அந்த அறிக்கைக்குப் பிறகுதான் சிரிப்பு நின்றது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1798 டிசம்பரில் காசிக்கு அருகே கிராகுட் என்ற கிராமத்தில் இரவில் பெரிய ஒளியும் இடியோசையுமாகக் கற்கள் விழுந்தன. ஒரு கல் காவல்காரர் ஒருவரின் குடிசைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது. பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதி, கல்லையும் சேர்த்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே ஹோவர்டு என்ற வேதியியலாளர் 1802-ல் அதையும் வேறு நாடுகளில் விழுந்த கற்களையும் ஆராய்ந்து, எல்லாவற்றிலும் இரும்போடு நிக்கல் கலந்திருப்பதைக் காட்டினார். காசிப்பக்கக் காவல்காரர் அன்று "வீட்டுக்கு ஆகாது" என்று வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் கல் எங்கே போயிருக்கும்?

1865-ல் பீகாரில் ஷெர்காட்டி என்ற ஊரில் விழுந்த கல் செவ்வாய்க் கோளிலிருந்து வந்தது என்பது நூறு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இன்று செவ்வாயிலிருந்து வந்த ஒரு வகைக் கற்களுக்கே உலகம் முழுவதும் அந்த ஊர்ப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். விழுந்தபோது பார்த்தார்கள், எடுத்து வைத்தார்கள், சொன்னார்கள். செய்தது அவ்வளவுதான்.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008 செப்டம்பர் 12-ஆம் தேதி சூளகிரிப் பக்கம் வானத்திலிருந்து கற்கள் விழுந்தன. கிடைத்தவை மட்டும் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல். உலக விண்கல் பட்டியலில் "சூளகிரி" என்ற பெயரிலேயே அது இருக்கிறது. ஓசூருக்குப் போகும் வழியில் பஸ் நிற்கும் ஊர் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, அந்தச் சூளகிரிதான்.

இப்போது அந்த இன்ஜினியர் மருமகனிடம் வருகிறேன். அவர் கேட்கலாம்: "அத்தை, அதெல்லாம் அந்தக் காலம். இப்போது ரேடார் இருக்கு, கேமரா இருக்கு. சின்னப் பிள்ளை கண்ணால் பார்த்ததற்கு என்ன மதிப்பு?"

நல்ல கேள்வி. பதில் சொல்கிறேன். 2021 பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு பத்து மணி இருக்கும், இங்கிலாந்தில் ஒரு பெரிய எரிகோளம் போயிற்று. அதைக் கவனிக்கவென்றே வைத்த கேமராக்களில் பதிவானது. வீட்டு வாசல் கேமராக்களிலும் பதிவானது. அத்தோடு ஆயிரம் பேருக்கு மேல் தாங்கள் பார்த்ததை எழுதி அனுப்பினார்கள். எந்த வட்டாரத்தில் கல் விழுந்திருக்கும் என்று கணக்குப் போட்டு அறிவித்தார்கள். வின்ச்கம் என்ற சிற்றூரில் ஒரு குடும்பம் மறுநாள் காலை தங்கள் வீட்டு வாசலில் கரித்தூள் கொட்டியதுபோல் கிடந்ததைக் கூட்டித் தள்ளாமல், கவனமாகப் பையில் அள்ளி வைத்து, தகவல் சொன்னது. முப்பது வருடத்தில் அந்த நாட்டில் கிடைத்த முதல் விண்கல் அது. மழையில் நனைவதற்குள் எடுத்ததால் அதற்குள் இருந்த நீரை ஆராய முடிந்தது. பூமியின் நீரை ஒத்திருக்கிறது என்று கண்டார்கள். நம் கடல்நீர் எங்கிருந்து வந்தது என்ற பெரிய கேள்விக்கு ஒரு வீட்டு வாசலிலிருந்து ஒரு துப்பு கிடைத்தது! கேமரா மட்டும் போதாது. வாசலைக் கூட்டுகிறவரின் கவனமும் வேண்டும்.

அடுத்து, சகுனக்காரர்கள். ஒரு அத்தான் எனக்குத் தனியே எழுதினார்: "புறநானூற்றிலேயே இருக்கிறது. எரிமீன் விழுந்து ஏழாம் நாள் சேர மன்னன் இறந்தான். தமிழ் டீச்சர் நீயே இல்லை என்பாயா?"

இல்லை என்று சொல்ல மாட்டேன் அத்தான். இருக்கிறது. 229-ஆவது பாட்டு. பாடியவர் கூடலூர் கிழார். இறந்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ஆனால் அந்தப் புலவர் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் பாருங்கள். பங்குனி மாதத்தின் முதல் பாதி என்கிறார். நள்ளிரவு என்கிறார். உத்தரம் உச்சியிலிருந்து சாய்ந்துகொண்டிருந்தது, மூலம் எழுந்துகொண்டிருந்தது, மிருகசீரிடம் மறைந்துகொண்டிருந்தது என்கிறார். எந்தத் திசையில் அது போகவில்லை என்பதைக்கூடச் சொல்கிறார். கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் நட்சத்திரத்தையே கடிகாரமாக வைத்து நேரம் குறித்திருக்கிறார்! என் தம்பி பேத்தி வேப்பமரத்தையும் தண்ணீர் டேங்கையும் வைத்துச் சொன்னாளே, அதே முறை. புலவர் மன்னனை நினைத்துக் கலங்கினார். அது அன்பு. அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டாயிரம் வருடம் தாண்டி நமக்குப் பயன்படுவது அவர் பார்த்ததுதான், அவர் பயந்தது அல்ல. நீங்கள் அவரிடமிருந்து பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள், பார்வையை விட்டுவிட்டீர்கள். அந்தப் புலவரும் அன்று "வெளியே சொல்லக்கூடாது" என்று இருந்திருந்தால் உங்களுக்கு எடுத்துக்காட்டவே பாட்டு இருந்திருக்காதே!

நல்ல இருட்டில் ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்தால் சாதாரண நாளிலேயே ஐந்தாறு எரிநட்சத்திரம் தெரியும். டிசம்பர் 14-ஐ ஒட்டி இன்னும் எத்தனையோ மடங்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை உருளுமென்றால் உலகத்தில் ஒரு அரசனும் மிஞ்சியிருக்க மாட்டான், ஒரு மந்திரியும் மிஞ்சியிருக்க மாட்டார். பெரும்பாலும் அவை மணல் அளவு, கடலை அளவுத் துகள்கள். வினாடிக்குப் பல பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் நுழைந்து, 80, 100 கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து முடிந்துவிடுகின்றன. அதற்கும் உங்கள் பேத்தி கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?

மூன்றாவது, வீடியோ அனுப்பியவர். அந்தப் பனிச்சாலை வீடியோ எங்கே எடுத்தது என்று தெரியுமா அண்ணா? ரஷ்யாவில் செல்யாபின்ஸ்க் நகரில். 2013 பிப்ரவரி 15, காலை ஒன்பது மணிக்கு மேல். சுமார் 20 மீட்டர் குறுக்களவுள்ள பாறை, 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. சூரியனைவிடப் பிரகாசமான வெளிச்சம். அந்த வீடியோவை நீங்கள் பொய்யாகப் பயன்படுத்தினீர்கள். உண்மையாகப் பயன்படுத்தியிருந்தால் எத்தனை உயிருக்கு உதவும் பாடம் அதில் இருக்கிறது தெரியுமா?

அன்று காயம்பட்டவர்கள் சுமார் 1,500 பேர். பெரும்பாலோர் கண்ணாடி குத்தித்தான் காயப்பட்டார்கள். ஏன்? வெளிச்சம் வந்ததும் என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒலி ஒளியைவிட மெதுவாக வரும் என்று ஐந்தாம் வகுப்பில் மின்னலையும் இடியையும் வைத்து நடத்தினேனே, நினைவிருக்கிறதா? ஒலி மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் போகும். 30 கிலோமீட்டருக்கு ஒன்றரை நிமிடம். தள்ளி நின்றவர்களுக்கு இன்னும் கூடுதல். அந்த அதிர்வலை இரண்டு நிமிடத்துக்கு மேல் கழித்து நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது, ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் முகத்தில் கண்ணாடி சிதறியது.

அந்த ஊரில் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர். வெளிச்சம் வந்ததும், என்னவென்று தெரியாமலே, 44 பிள்ளைகளையும் மேசைக்கு அடியில் குனியச் சொன்னார். அதிர்வலை வந்தது. ஜன்னல் உடைந்தது. பிள்ளைகளில் ஒருவருக்கும் வெட்டுக்காயம் இல்லை. நின்றுகொண்டிருந்த ஆசிரியைக்குக் கையிலும் தொடையிலும் ஆழமான வெட்டு. இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவருக்கும் எனக்கும் மொழி வேறு, நாடு வேறு. ஆனால் நான்காம் வகுப்பு எங்கும் நான்காம் வகுப்புதான்.

எனவே எல்லாரும் மனதில் வையுங்கள். வானத்தில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் வந்தால் ஜன்னலை விட்டு விலகுங்கள். ஐந்து நிமிடம் கண்ணாடிப் பக்கம் போகாதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பார்த்தவரை நம்பு என்று மட்டும் சொன்னால் நான் பாதி ஆசிரியைதான். எப்படிக் கேட்பது என்றும் சொல்ல வேண்டும். கண் ஏமாறும். "பக்கத்துக் கொல்லையில விழுந்துச்சு" என்பார்கள். அது 100 கிலோமீட்டர் தள்ளி எரிந்திருக்கும். அதனால் கேட்பவர் பார்த்ததையும் நினைத்ததையும் பிரித்துக் கேட்க வேண்டும்.

2022 ஏப்ரல் 2-ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் மாலை இருட்டியதும் வானத்தில் தீப்பந்தங்கள் வரிசையாகப் போயின. எரிகல் என்று நாடு முழுக்கப் பகிர்ந்தார்கள். அன்று இரவே சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பெரிய உலோக வளையம் விழுந்து கிடந்தது. அது சீன ராக்கெட் ஒன்றின் பாகமாக இருக்கும் என்றார்கள் வல்லுநர்கள். எப்படிப் பிரித்து அறிவது? ஒரே கேள்வி போதும்: எத்தனை வினாடி தெரிந்தது? ராக்கெட் குப்பை வினாடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறையப் படுக்கையாக வரும், ஒரு நிமிடம்கூட ஊர்ந்து போகும், துண்டு துண்டாக. எரிநட்சத்திரம் சில வினாடிதான். விமானம் பல நிமிடம் தெரியும், விளக்கு சிமிட்டும். செயற்கைக்கோள் ஒரே சீராக நகரும். மூன்று எண்ணுவதற்குள் பாதி வானத்தைக் கடந்தது, பச்சை நிறம், அணைந்தது என்று அந்தப் பிள்ளை சொன்னாளே, அதில் எந்த விமானம் இருக்கிறது மருமகனே? நீர் அவளை ஒரு கேள்விகூடக் கேட்காமல் தீர்ப்பு எழுதினீர். நாலு வருடம் இன்ஜினியரிங் படித்த உம்மைவிட நாலாம் வகுப்புப் பிள்ளை அன்று கூடுதல் அறிவியலாகப் பேசினாள்.

கேட்காமல் நம்புவதும் ஆபத்துதான். 2016 பிப்ரவரியில் வேலூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரி வளாகத்தில் வெடி வெடித்து ஒரு பஸ் டிரைவர் இறந்தார். விண்கல் விழுந்து இறந்தார் என்று அறிவித்தார்கள். உலகச் செய்தியானது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது என்றார்கள். யோசியுங்கள். அவ்வளவு பெரிய கல் வந்திருந்தால் நாலு மாவட்டத்தில் ஒளியைப் பார்த்திருப்பார்கள், சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். அந்தச் சாட்சிகள் எங்கே என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். ஒரு ஏழைக் குடும்பத்தின் சாவு வேடிக்கைச் செய்தியாகப் போனதுதான் மிச்சம். சாட்சி சொல்வது எவ்வளவு முக்கியமோ, சாட்சி இல்லாதபோது பேசாமல் இருப்பதும் அவ்வளவு முக்கியம்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

1986. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். ஹாலி வால்நட்சத்திரம் வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு நாள் காலை ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் கை தூக்கினான். இரவு அப்பாவோடு தண்ணீர் பாய்ச்சப் போயிருக்கிறான். "டீச்சர், ராத்திரி வானத்துல ஒரு கொள்ளி போச்சு. ரெண்டா ஒடஞ்சுச்சு. அப்பா ஒரு பீடி குடிச்சு முடிக்கிற நேரம் கழிச்சு, பாலத்து மேல மாட்டு வண்டி போற மாதிரி கடகடன்னு சத்தம் வந்துச்சு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஹாலியைப் பார்க்கிற ஆசையில் கனவு கண்டியா? வெளிச்சம் இப்போ, சத்தம் பீடி குடிச்ச பிறகா? கதை சொன்னாலும் பொருந்தச் சொல்லுடா" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவனுக்குக் "கொள்ளிக்கட்டை" என்று பட்டப்பெயர். நான் அந்தப் பள்ளியை விட்டு மாறுதலாகும் வரை அவன் என் வகுப்பில் மறுபடி கை தூக்கவில்லை.

செல்யாபின்ஸ்க் செய்தியைப் படித்த அன்று எனக்கு உறைத்தது. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் இருந்த அந்தப் பீடி நேரம்! கதை கட்டுகிறவன் வெளிச்சத்தையும் சத்தத்தையும் ஒன்றாகத்தான் சேர்ப்பான். சினிமாவில் அப்படித்தான் காட்டுவார்கள். இடையில் நிமிடக்கணக்கில் இடைவெளி விட்டுச் சொல்ல ஒரு பத்து வயதுப் பையனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. அவன் உண்மையிலேயே பார்த்திருக்கிறான், கேட்டிருக்கிறான். எதை வைத்து நான் பொய் என்றேனோ, அதுதான் அவன் சொன்னது உண்மை என்பதற்குச் சாட்சி. மின்னல் முதலில், இடி பிறகு என்று அதே வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்ட கை இது. பாடமாகச் சொன்னதைப் பிள்ளை வாழ்க்கையில் பார்த்துவிட்டு வந்து சொன்னபோது எனக்குப் புரியவில்லை.

தம்பி, இன்று உனக்கு ஐம்பது வயது நெருங்கும். உன் பெயரை இங்கே எழுத மாட்டேன். இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், டீச்சரை மன்னித்துவிடு. நீ சொன்னது சரி. நான் சொன்னது தப்பு.

குடும்பக் குழுவில் நடந்ததைப் பார்த்து எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. காலையில் இந்தக் கதையை என் பழைய மாணவர்கள் சிலருக்குச் சொன்னேன். லாரி ஓட்டும் ஒருவன் போன் செய்தான். "டீச்சர், அன்னிக்குப் பத்தரை மணிக்கு வாணியம்பாடி தாண்டி கிருஷ்ணகிரி பாத்து வந்துட்டிருந்தேன். எதிர்ல இடது பக்கமா பச்சையா ஒண்ணு இறங்குச்சு. கிளீனர் தூங்கிட்டான். சொன்னா குடிச்சிருக்கியான்னு கேப்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல" என்றான்.

பார்த்தீர்களா? சிறுமி கிழக்கே வேப்பமரத்தில் தொடங்கி, தெற்கு வழியாகத் தென்மேற்கே டேங்க் பக்கம் முடிந்தது என்கிறாள். வாணியம்பாடியிலிருந்து மேற்கு நோக்கி வந்தவனுக்கு இடது பக்கம் என்றால் தென்மேற்கு. இரண்டு ஊரிலிருந்து இரண்டு கோடு இழுத்தால் தருமபுரிப் பக்கம் வானத்தில் சந்திக்கின்றன. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர், ஒரே நேரம், ஒரே நிறம். சிறுமி சொன்ன பாதையைப் பின்னோக்கி நீட்டினால் வடகிழக்கே அப்போது ஏறிக்கொண்டிருந்த மிதுன ராசிப் பக்கம் போகிறது. டிசம்பர் நடுவில் வரும் ஜெமினிட் எரிநட்சத்திரங்கள் கிளம்புவதும் அங்கிருந்துதான். கிளாட்னி செய்ததும் பியோ செய்ததும் இதுதான். 1833 நவம்பரில் அமெரிக்காவில் நட்சத்திர மழை பொழிந்தபோது, ஓம்ஸ்டெட் என்ற பேராசிரியர் பத்திரிகையில் வேண்டுகோள் விட்டு, பொதுமக்கள் எழுதிய கடிதங்களை வைத்து, எல்லாம் சிம்ம ராசியில் ஒரே புள்ளியிலிருந்து வந்தன என்று கண்டதும் இப்படித்தான். ஒரு சிறுமியும் ஒரு லாரி டிரைவரும் சேர்ந்தால் அது நடக்கிறது. பேச விட்டால் மட்டும்.

இனி யாராவது "வானத்தில் ஒன்று பார்த்தேன்" என்றால் சிரிக்காமல், பயமுறுத்தாமல் இவற்றைக் கேளுங்கள்:

1. எத்தனை மணி, எத்தனை நிமிடம்? உடனே செல்போனைப் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள்.
2. எந்த ஊரில், எந்தத் திசை பார்த்து நின்றாய்?
3. எந்த மரம், எந்தக் கட்டடத்துக்கு மேல் தொடங்கியது? எங்கே அணைந்தது?
4. எத்தனை எண்ணும் நேரம் தெரிந்தது?
5. என்ன நிறம்? உடைந்ததா? பின்னால் புகைக்கோடு நின்றதா?
6. சத்தம் கேட்டதா? வெளிச்சத்துக்கு எவ்வளவு நேரம் கழித்து?
7. வேறு யார் பார்த்தார்கள்? அவர்களிடம் பேசுவதற்கு முன்பே உன்னுடையதை எழுதிவிட்டாயா?

எழுதியதை இன்டர்நேஷனல் மீட்டியர் ஆர்கனைசேஷன் என்ற அமைப்புக்கு இணையத்தில் அனுப்பலாம். கல் கிடைத்தால் கழுவாதீர்கள், உடைக்காதீர்கள், காந்தம் வைத்துச் சோதிக்காதீர்கள், பூஜை அறையிலும் வைக்காதீர்கள். சுத்தமான பையில் போட்டு வருவாய்த்துறைக்குச் சொல்லுங்கள், அவர்கள் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவிப்பார்கள். எங்கேயோ எடுத்த வீடியோவை மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

குடும்பக் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வாரக் கடைசியில் ஊருக்கு வருகிறேன். அந்தப் பிள்ளையின் குரல் பதிவை நானே மறுபடி குழுவில் போடுவேன். அதற்கு மேல் அவள் பெயரையும், நாளையும், நேரத்தையும் எழுதிப் போடுவேன். சிரித்த பத்துப் பேரும் அதற்குக் கீழே அவளிடம் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும். நல்ல கேள்வியாக. மருமகனே, முதல் கேள்வி உம்முடையது.

பச்சை மரம் பார்க்கவில்லையே என்று கவலைப்பட்ட அத்தைக்கு: அவள் பார்த்த உருண்டை வேப்பமரத்துக்கு மேலேதான் தொடங்கியது. வேம்பு பச்சைதான். கவலைப்பட வேண்டாம். அவளுக்கு ஒன்றும் மறக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்